பேராசிரியர் சத்தியேந்திரநாத போஸ்

ஒருவர் கண்ட உண்மையைக் கொண்டு அவர் பெருமையை அளத்தல் உலகத்தார் வழக்கம். ஆயின், அவ்வுண்மையை அவர் எந்நிலையிலிருந்து கண்டார், எவர்க்குக் கற்பிக்கும் பொருட்டு அதனை ஆராயத் தலைப்பட்டார், பிறமொழி நூல்களை எத்துணை முயன்று தம் மாணாக்கர்க்குக் கொணர்ந்தார் என்பனவற்றை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை. பௌதிகம் பயிலும் மாணாக்கர் யாவரும் போஸ் என்னும் பெயரை அறிவர். ஒளித்துணுக்கு முதலிய ஓரினத் துகள்கட்குப் போசான் என்று அவர் பெயரே வழங்கி வருகின்றது. அப்பெயர்க்குரியார் இளமையில் ஒரு மொழிபெயர்ப்பாளராய் விளங்கினார் என்பதும், அவர்தம் புகழுக்குக் காரணமான நான்கு பக்கக் கட்டுரை வகுப்பறைப் பாடமொன்றினின்று பிறந்தது என்பதும், அக்கட்டுரையும் வேறொரு பேரறிஞரின் மொழிபெயர்ப்பாலேயே உலகிற்கு வந்தது என்பதும் பலர் அறியாதன. அவற்றை நம் கலாசாலை மாணாக்கர் அறிந்து பயன்பெறுதல் வேண்டும் என்னும் கருத்தால் அவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி எழுதத் துணிந்தோம்.

பிறப்பும் கல்வியும்

சத்தியேந்திரநாத போஸ் 1894-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 1-ஆம் நாள் கல்கத்தா நகரிற் பிறந்தார். தந்தையார் சுரேந்திரநாத போஸ் என்பவர், கிழக்கிந்திய ரெயில்வேயில் உத்தியோகம் வகித்தவர். தாயார் ஆமோதினி தேவி. பெற்றோர்க்கு இவர் மூத்த மகவு, ஆண்மக்களுள் இவர் ஒருவரே, தங்கையர் அறுவர்.

1907-ஆம் ஆண்டில் இவர் இந்துப் பள்ளியிற் சேர்ந்தார். அங்கே கணித ஆசிரியராயிருந்தவர் ஒரு தேர்வில் இவருக்கு நூற்றுக்கு நூற்றுப்பத்து மதிப்பெண் வழங்கினார் என்றொரு செய்தி வழங்குகின்றது. ஒவ்வொரு கணக்கிற்கும் ஒரு வழியன்றிப் பல வழிகளில் விடை கண்டிருந்தமையே அதற்குக் காரணமாம். ஒருவர் காட்டிய வழியே சென்று அமையாது, அம்முடிவிற்கு வேறு நேர்வழி உண்டோ என்று தேடும் இயல்பு இவரிடம் இளமையிலேயே இருந்தது என்பதற்கு இதுவே சான்றாகும். பிற்காலத்தில் இவரைப் பெருமைப்படுத்தியதும் அவ்வியல்பே.

1909-ஆம் ஆண்டில் மாகாணக் கலாசாலை எனப்பெறும் பிரஸிடென்ஸி கலாசாலையிற் புகுந்தார். ஜகதீச சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய் ஆகிய பேராசிரியர் இருவரும் அந்நாளில் அங்கே கற்பித்து வந்தனர். உடன் பயின்றோருள் மேகநாத் சாகா தலைசிறந்தவர். டாக்கா நகரத்தை அடுத்ததொரு சிற்றூரில் எளிய குடும்பத்திற் பிறந்து, உதவிச்சம்பளத்தால் படித்து வந்தவர் அவர். 1913-ஆம் ஆண்டில் பி. எஸ்ஸி. தேர்விலும், 1915-ஆம் ஆண்டில் எம். எஸ்ஸி. தேர்விலும் போஸ் முதலிடம் பெற்றார். இரண்டிடத்தும் சாகா அவரை அடுத்து நின்றார். போட்டியிடத்தக்க இவ்விருவரும் நண்பராயினமை நம் நாடு செய்த நற்பேறு எனலாம்.

ஆசிரியப் பணியும் நூலின்மையும்

கல்கத்தாச் சர்வகலாசாலையின் விஞ்ஞானக் கலாசாலையை ஸர் அசுதோஷ் முகர்ஜி அக்காலத்திலே தோற்றுவித்திருந்தார். புதிய பௌதிகத்தையும் உயர்ந்த கணிதத்தையும் அங்கே கற்பிக்க வேண்டும் என்று போஸும் சாகாவும் அவரை அணுகி விண்ணப்பித்தனர். இளைஞர் கேட்டதை மறுக்கும் வழக்கம் அப்பெரியாரிடம் இல்லை; அதனைச் செய்யும் பொறுப்பையும் அவ்விளைஞர் தலையிலேயே ஏற்றினார். குவாண்டம் கொள்கையைச் சாகாவும், ஐன்ஸ்டீனது சார்புக் கொள்கையைப் போஸும் கற்றுக்கொண்டு பின்னர்க் கற்பித்தல் வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

கற்பிப்பதற்கு நூல் எங்கே? புதிய பௌதிகத்தின் மூலக் கட்டுரைகளுட் பெரும்பாலன ஜெர்மானிய மொழியில் இருந்தன. 1914-ஆம் ஆண்டில் மூண்ட உலகப் போர் 1918 வரை நிகழ்ந்தமையால், ஜெர்மானியப் புத்தகங்களும் சஞ்சிகைகளும் இந்தியாவிற்கு வருவது அரிதாயிற்று. அந்நிலையில், சிவப்பூர் எஞ்சினியரிங் கலாசாலையில் ஆசிரியராயிருந்த புரூல் என்னும் ஐரோப்பியரிடம் நல்லதொரு புத்தகத் திரட்டு இருப்பதை இளைஞர் அறிந்தனர். பிளாங்க், போல்ட்ஸ்மன், வீன் முதலியோர் எழுதிய நூல்களை அவரிடம் இரவல் பெற்றுப் படித்தனர். அதன்பொருட்டு ஜெர்மானிய மொழியையும் முயன்று பயின்றனர். போஸ் பிரெஞ்சு மொழியையும் கற்றார்.

இதனை நாம் சற்றே ஊன்றி நோக்குதல் வேண்டும். நூல்நிலையம் நிறைந்த ஊரில், கற்ற ஆசிரியர் சூழ இருந்து பயில்வது ஒன்று. இரவல் நூலை ஒரு கையிலும் அகராதியை மறு கையிலும் கொண்டு, வாக்கியம் வாக்கியமாக வழிகண்டு செல்வது மற்றொன்று. பின்னதில் வருத்தம் மிகுதி. எனினும் அங்ஙனம் படித்தவன் எச்சொல்லையும் பொருளறியாது கடந்து செல்ல இயலாது. மூல ஆசிரியர் எங்கே உறுதியாகப் பேசுகின்றார், எங்கே ஐயத்தோடு அடியெடுத்து வைக்கின்றார், எங்கே ஒன்றை நிறுவாது மேற்செல்கின்றார் என்பன அவனுக்கு நன்கு புலனாகும். பாடப் புத்தகம் முடிவை மட்டும் மெருகிட்டுக் காட்டும். மூலக் கட்டுரையோ முடிச்சையும் காட்டும்.

சார்புக் கொள்கையின் மொழிபெயர்ப்பு

1919-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள் நிகழ்ந்த சூரிய கிரகணத்தின்போது ஆங்கில வானநூலார் எடுத்த படங்களைக் கொண்டு, ஞாயிற்றின் அருகே வரும் நட்சத்திர ஒளி வளைகின்றது என்னும் ஐன்ஸ்டீனது கூற்று மெய்யென அவ்வாண்டின் நவம்பரில் அறிவிக்கப்பெற்றது. உலகெங்கும் அவர் பெயர் பரவிற்று. ஆனால் அவர் எழுதியதை அவர் எழுதியவாறே படிக்க விரும்பிய ஆங்கிலம் கற்ற மாணாக்கனுக்கு வழியில்லை. போஸும் சாகாவும் அக்குறையை நீக்க முற்பட்டனர். ஐன்ஸ்டீனுக்கு எழுதி அவர் இசைவு பெற்று, மூலக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தனர். 1905-ஆம் ஆண்டின் கட்டுரையையும் மின்கோவ்ஸ்கியின் கட்டுரைகளையும் சாகா மொழிபெயர்த்தார். பொதுச் சார்புக் கொள்கையைப் பற்றிய 1916-ஆம் ஆண்டின் நெடுங்கட்டுரையைப் போஸ் மொழிபெயர்த்தார். பிரசாந்த சந்திர மஹாலனோபிஸ் சரித்திர முன்னுரை எழுதினார். 1920-ஆம் ஆண்டில் கல்கத்தாச் சர்வகலாசாலை அந்நூலை வெளியிட்டது. லண்டனில் அச்சான மற்றோர் ஆங்கில மொழிபெயர்ப்பு 1923-ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. ஆங்கிலேயரது நாட்டிற்கு முன்னரே வங்க நாட்டு இளைஞர் இருவர் அப்பணியைச் செய்து முடித்தனர் என்பது நாம் நினைந்து மகிழத்தக்கது.

ஆங்கிலமும் அவர்கட்குத் தாய்மொழியன்று, ஜெர்மானியமும் அன்று. தமக்கு அயலாகிய ஒரு மொழியினின்று தமக்கு அயலாகிய வேறொரு மொழிக்குப் பொருளைக் கொண்டு சென்றனர். பொருள் ஈட்டவோ புகழ் ஈட்டவோ அவர் அதனைச் செய்தாரல்லர். நாளைக்கு வகுப்பிற்கு வரும் மாணாக்கன் கையில் ஒரு நூல் இருத்தல் வேண்டும் என்பதே அவர் கருத்து.

டாக்காவில் எழுந்த ஐயம்

1921-ஆம் ஆண்டில் டாக்காச் சர்வகலாசாலை புதிதாக நிறுவப்பெற்றது. போஸ் அங்கே பௌதிகத்தில் ரீடர் பதவி ஏற்றுச் சென்றார். எம். எஸ்ஸி. வகுப்பிற்கு வெப்பக் கதிர்வீச்சைப் பற்றிய பிளாங்க் விதியைக் கற்பிக்க நேர்ந்தபோது, அவர் உள்ளத்தில் ஓர் ஐயம் முளைத்தது. அதனை அறிய, அவ்விதியின் வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும்.

காய்ந்த இரும்பு முதலிற் சிவந்தும், பின்னர் மஞ்சளாகியும், மேலும் காய்ந்தால் வெண்மையாகவும் ஒளிர்தலை நாம் கொல்லன் உலையிற் காண்கின்றோம். குறிப்பிட்ட வெப்பநிலையில் எவ்வெந் நிறத்து ஒளி எவ்வளவு வெளிப்படும் என்பதைப் பழைய பௌதிகத்தால் சரியாகக் கணக்கிட முடியவில்லை. 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் பெர்லின் நகரிற் பிளாங்க் என்பார் அதற்கொரு விளக்கம் கூறினார். சக்தி இடையறாத ஒழுக்காக அன்றி, சிறு சிறு துணுக்குகளாகவே கொள்ளப்பெறுகின்றது என்று வைத்துக் கணக்கிட்டால், விடை சோதனையோடு பொருந்தும் என்று காட்டினார். துணுக்கு என்னும் அதுவே குவாண்டம். 1905-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டீன் ஒளியே துணுக்குகளாலாயது எனக் கருதலாம் என்றார். அதனை அறிஞர் பலர் நெடுநாள் ஏற்கவில்லை.

பிளாங்க் விதியில் இரு பகுதிகள் உள. ஒன்று, ஒரு பெட்டிக்குள் அடைபட்ட ஒளி எத்தனை வகையாக அதிரக்கூடும் என்னும் தொகை. மற்றொன்று, ஒவ்வொரு வகைக்கும் கிடைக்கும் சராசரிச் சக்தி. பிந்திய பகுதி புதிய குவாண்டம் கொள்கையால் வந்தது. முந்திய பகுதியோ ஒளி அலையே என்னும் பழைய கொள்கையால் வந்தது. சக்தி துணுக்குத் துணுக்காய் உள்ளது என்று ஒரு வரியில் கூறி, அடுத்த வரியில் இடையறாத அலையைக் கொண்டு கணக்கிடுதல் எங்ஙனம் பொருந்தும்? ஒரு கையால் இடித்த சுவரின்மேல் மறு கையால் கூரை வேய்ந்தது போன்றதன்றோ இது? பாடப் புத்தகங்கள் இதனைப் பூசி மெழுகிச் சென்றன. மூலக் கட்டுரைகளைச் சொற்சொல்லாகப் பயின்ற போஸுக்கு அது பெருங்குறையாகத் தோன்றிற்று. தமக்கே மனநிறைவு தராத ஒன்றை மாணாக்கர்முன் நின்று நிறுவிக் காட்டுதல் எவ்வாறு என்று வருந்தினார். 1924-ஆம் ஆண்டில் டாக்காவிற்கு வந்த சாகாவும், அப்பொருளைப் பற்றி ஐரோப்பாவிற் புதிதாக எழுந்த ஆராய்ச்சிகளை அவருக்கு நினைவூட்டினார் என்பர்.

போஸ் கண்ட தீர்வு பின்வருமாறு. ஒளியை அலை என்று கொள்ளும் பகுதியை அவர் முற்றும் நீக்கினார். பெட்டிக்குள் இருப்பது ஒளித்துணுக்குகளாலாகிய ஒரு வாயுவே என்று கொண்டார். துணுக்கு இருக்கும் இடத்தையும், அதன் உந்தத்தையும் ஒருங்கே அளக்கும் கணித வெளியைச் சிறு அறைகளாகப் பகுத்தார். ஒவ்வோர் அறையின் அளவு பிளாங்க் கண்ட மாறிலியின் மும்மடிப் பெருக்கம். அவ்வறைகளை எண்ணிய அளவிலே, அலைக்கொள்கை தந்த அதே தொகை கிடைத்தது. அறைகளில் துணுக்குகள் அமையும் வகைகளைக் கணக்கிட்டார். பிளாங்க் விதி முழுவதும் தானே வந்து நின்றது.

அவ்வெண்ணும் முறையில் ஒரு புதுமை மறைந்திருந்தது. இராமன், கண்ணன் என்னும் இரு பிள்ளைகளை இரண்டு அறைகளில் இருத்தக்கூடிய வகைகள் நான்கு: இருவரும் முதலறையில், இருவரும் இரண்டாமறையில், இராமன் முதலறையிலும் கண்ணன் இரண்டாமறையிலும், அன்றி அதன் மாறாக. இனி, பிள்ளைகளை விடுத்து, இரண்டு ஆழாக்கு நெய்யை இரண்டு குடங்களில் ஆழாக்கு ஆழாக்காக வார்க்கும் வகைகளை எண்ணுவோம். முதற்குடத்தில் இரண்டும் வார்க்கலாம். இரண்டாங் குடத்தில் இரண்டும் வார்க்கலாம். ஒவ்வொன்றில் ஒவ்வோர் ஆழாக்கு வார்க்கலாம். வகை மூன்றே. இந்த ஆழாக்கு எது, அந்த ஆழாக்கு எது என்று வினவுதற்கு இடமில்லை. ஒளித்துணுக்குகள் பிள்ளைகளைப் போல்வன அல்ல, நெய்யைப் போல்வன. தமக்கெனத் தனிப்பெயர் தாங்குவன அல்ல. போஸ் தம் கட்டுரையில் இதனை வெளிப்படையாக விரித்துரைத்தாரல்லர். ஆயினும் அவர் கணக்கு இங்ஙனமே அமைந்தது. பொருளை எண்ணும் முறையே அணுவுலகில் வேறு என்னும் பேருண்மை இவ்வாறு வகுப்பறை வாயிலாக வெளிவந்தது.

ஐன்ஸ்டீனுக்கு விடுத்த கடிதம்

இக்கட்டுரை இங்கிலாந்துப் பத்திரிகையொன்றிற்கு முன்னரே அனுப்பப்பெற்றும் அச்சேறவில்லை என்பர். 1924-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4-ஆம் நாள் போஸ் அதனை ஐன்ஸ்டீனுக்கே அனுப்பி ஒரு கடிதமும் எழுதினார். தமக்கு ஜெர்மானியத்தில் எழுதும் அளவிற்குப் பயிற்சி இல்லை என்றும், கட்டுரை தகுதியுடையதாயின் ஜெர்மானியப் பத்திரிகையொன்றில் வெளிவரச் செய்ய வேண்டும் என்றும் வேண்டினார். முகமறியாத தாம் இங்ஙனம் கேட்பதற்குக் காரணம், அவர் எழுத்துகளைக் கற்ற தாமெல்லாம் அவர்தம் மாணாக்கரே என்பது என்று குறித்தார். முன்னர்க் கல்கத்தாவிலிருந்து மொழிபெயர்ப்பிற்கு இசைவு கேட்டதையும், பொதுச் சார்புக் கொள்கைக் கட்டுரையை மொழிபெயர்த்தவர் தாமே என்பதையும் நினைவூட்டினார்.

முப்பது வயதுள்ள ஒரு ரீடர், உலகம் போற்றும் அறிஞருக்குத் தம்மை இன்னாரென அறிவித்தற்குப் பட்டத்தையோ பதவியையோ எடுத்துக் காட்டவில்லை. தாம் செய்த மொழிபெயர்ப்பையே காட்டினார். அம்முன்னைத் தொண்டு அவருக்கு ஒரு வாயிலைத் திறந்து வைத்தது.

ஐன்ஸ்டீன் கட்டுரையின் சிறப்பை அப்பொழுதே உணர்ந்தார். தம் கையாலேயே அதனை ஜெர்மானியத்தில் மொழிபெயர்த்தார். இது முக்கியமானதொரு முன்னேற்றம் என்றும், இம்முறையால் வாயுக்களின் குவாண்டம் கொள்கையும் கிடைக்கும் என்றும் ஒரு குறிப்புச் சேர்த்தார். ஜூலை 2-ஆம் நாள் பத்திரிகைக்குக் கட்டுரை சேர்ந்தது. அந்நாளிலேயே போஸுக்கு ஓர் அஞ்சலட்டையும் எழுதினார். அவ்வாண்டிலேயே நான்கு பக்க அளவில் அது வெளிவந்தது. எட்டு நாள் கழித்து, ஜூலை 10-ஆம் நாள், அம்முறையைச் சாதாரண வாயுக்களுக்கு விரித்துத் தாம் எழுதிய கட்டுரையைப் பெர்லின் கலைக்கழகத்தில் ஐன்ஸ்டீன் அளித்தார். மாணாக்கர் ஆசிரியரை மொழிபெயர்த்தார். நான்காண்டு கழித்து ஆசிரியர் மாணாக்கரை மொழிபெயர்த்தார். கல்வியுலகில் இதனினும் இனிய கைம்மாறு வேறு உண்டோ?

மொழிபெயர்ப்பு என்பது வெறும் கண்ணாடியன்று என்பதற்கும் இவ்வரலாற்றிற் சான்றுண்டு. போஸ் அனுப்பிய இரண்டாங் கட்டுரையையும் ஐன்ஸ்டீன் மொழிபெயர்த்து வெளியிட்டார். ஆனால் தாம் அதன் கருத்தை ஏற்கவில்லை என்று ஒரு மறுப்புரையையும் உடன் சேர்த்தார். உடன்படாத கருத்தையும் மறைக்காது வெளியிட்டுத் தம் மறுப்பை வேறாக எழுதிய நேர்மை போற்றத்தக்கது. முதற் கட்டுரையிலோ வேறொன்று நிகழ்ந்ததென்பர். அறைகளின் தொகையை இரட்டித்தற்கு ஒளித்துணுக்கின் தற்சுழற்சியே காரணம் என்று தாம் எழுதியிருந்ததாகவும், ஐன்ஸ்டீன் அதனை நீக்கி ஒளியின் இருவகைத் தளவிளைவே காரணம் என்று மாற்றியதாகவும் போஸ் முதுமையில் தம் மாணவர் ஒருவரிடம் கூறினார். போஸ் அனுப்பிய ஆங்கில மூலம் மறைந்து போயிற்று. ஆதலின் அதனை ஒப்பிட்டுப் பார்த்தற்கு வழியில்லை. மூலத்தைப் போற்றிக் காத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதை இது நமக்கு உணர்த்தும்.

ஐரோப்பிய வாசம்

ஐன்ஸ்டீனது அஞ்சலட்டையைக் கண்ட அளவில் டாக்காச் சர்வகலாசாலையார் போஸுக்கு ஈராண்டு விடுப்பும் பொருளுதவியும் அளித்தனர். 1924-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர் பாரிஸ் நகரடைந்தார். லாஞ்செவின் என்னும் பேராசிரியர் அவரை ஆதரித்தார். மாரிஸ் தெ பிராய் என்பாரது சோதனைச்சாலையில் எக்ஸ் கதிர் ஆராய்ச்சி பயின்றார். மேரி கியூரி அம்மையாரைக் கண்டு அவர் சோதனைச்சாலையில் இடம் வேண்டியபோது, அவ்வம்மையார் பிரெஞ்சு மொழியைச் சில திங்கள் பயின்று வருமாறு அன்போடு அறிவுரை கூறினாராம். முன்னரே அம்மொழியை நன்கறிந்திருந்தும், தம் கூச்சத்தால் அதனை எடுத்துரைக்க மாட்டாது போஸ் வாளா திரும்பினார். இதனைப் பிற்காலத்தில் அவரே நகைத்துக் கூறுவார்.

1925-ஆம் ஆண்டின் இறுதியிற் பெர்லின் சென்று ஐன்ஸ்டீனை நேரிற் கண்டார். அவ்விருவரும் சேர்ந்து கட்டுரையேதும் எழுதவில்லை. 1926-ஆம் ஆண்டில் டாக்காவிற்கு மீண்டார். டாக்டர் பட்டம் இல்லாத குறையை ஐன்ஸ்டீனது பரிந்துரை நீக்கப் பேராசிரியராக உயர்ந்தார். அவர் தலைமையில் டாக்காப் பௌதிகத் துறை சிறந்து விளங்கிற்று. நம் தமிழ்நாட்டில் வத்திராயிருப்பிற் பிறந்து, மதுரை அமெரிக்கன் கலாசாலையிலும் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிலும் பயின்ற கே. எஸ். கிருஷ்ணன் 1928-ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே ரீடராகச் சென்று, 1933 வரை காந்தவியல் ஆராய்ச்சி நிகழ்த்தியதும் அத்துறையிலேயே ஆகும்.

ஐரோப்பாவினின்று மீண்ட பின்னர்ப் போஸ் வெளியிட்ட கட்டுரைகள் மிகச் சில. அதுபற்றி அவரைக் குறைகூறினோர் உண்டு. பெரும்பொருளை ஒருமுறை கண்டவர் மேலும் மேலும் காணாது வாளாவிருந்தாரே என்பது அவர் குறை. ஆயின், அவர் வாளாவிருந்தாரல்லர். பாடம் நடத்தினார், கருவிகள் அமைத்தார், ரசாயனம், கணிதம், இசை, இலக்கியம் எதனைப் பற்றி யார் வினவினும் அமர்ந்து விடை கண்டு கொடுத்தார். எஸ்ராஜ் என்னும் நரம்புக் கருவியை வாசித்து மகிழ்ந்தார். தம் பெயர் ஒளிர்வதைக் காட்டிலும் தம்மிடம் வந்தவர் தெளிவு பெறுவதையே அவர் பெரிதாகக் கருதினார். அதனால் விஞ்ஞான உலகிற்கு இழப்பும் நேர்ந்திருக்கலாம். அதனை நாம் மறுக்கவில்லை. எனினும் ஆசிரியர் ஒருவர் வாழ்வை அச்சிட்ட பக்கங்களால் மட்டும் அளத்தல் நீதியாகாது.

தாய்மொழியில் விஞ்ஞானம்

1937-ஆம் ஆண்டில் மகாகவி ரவீந்திரநாத தாகூர் எழுதிய ஒரே விஞ்ஞான நூலாகிய விசுவபரிசயம் வெளிவந்தது. பொதுமக்களுக்கென வங்காளியில் எழுதப்பெற்ற அந்நூலைக் கவி போஸுக்கே உரிமையாக்கினார்.

1945-ஆம் ஆண்டில் போஸ் டாக்காவை விட்டுக் கல்கத்தாச் சர்வகலாசாலைக்குப் பேராசிரியராகத் திரும்பினார். 1948-ஆம் ஆண்டு ஜனவரியில் வங்கீய விஞ்ஞானப் பரிஷத் என்னும் கழகத்தை நிறுவினார். ஞானமும் விஞ்ஞானமும் என்று பொருள்படும் பெயருடன் அக்கழகத்தின் மாதப் பத்திரிகை வங்காளியில் வெளிவரலாயிற்று. முன்னர் ஜெர்மானியத்தினின்று ஆங்கிலத்திற்குக் கொணர்ந்தவர், இப்பொழுது ஆங்கிலத்தினின்று தாய்மொழிக்குக் கொணர முற்பட்டார். முதற்பணியின் நிறைவே இரண்டாம் பணி என்பது நம் கருத்து.

வங்காளியில் உயர்தர விஞ்ஞானத்தை எழுத இயலாது, கலைச்சொற்கள் இல்லை என்று பலர் தடை கூறினர். போஸ் அதனை ஏற்றாரல்லர். எல்லாச் சொற்களும் அமைந்த பின்னரே எழுதுவோம் என்றிருப்பின் ஒருநாளும் எழுத இயலாது என்றும், வழக்கில் வந்துவிட்ட அயற்சொற்களை அவ்வாறே ஆண்டுகொண்டு எழுதத் தொடங்கினால் சொற்கள் தாமே செம்மையுறும் என்றும் அவர் கொண்டிருந்தார். 1962-ஆம் ஆண்டில் ஜப்பான் சென்றபோது, அங்குள்ள அறிஞர் நுண்ணிய பொருள்களையும் தம் மொழியிலேயே விவாதிப்பதைக் கண்டு அக்கருத்தில் மேலும் உறுதி பெற்றார். 1963-ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக் கட்டுரைகளை மட்டுமே கொண்ட சிறப்பிதழ் ஒன்றைத் தம் பத்திரிகையில் வெளியிட்டு, சொல்லால் மறுத்ததைச் செயலாலும் மறுத்துக் காட்டினார்.

மறைவும் நிலைத்த பயனும்

அரசாங்கம் 1954-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கிற்று. 1956-ஆம் ஆண்டு முதல் ஈராண்டு விசுவபாரதியின் துணைவேந்தராக இருந்தார். 1958-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். பின்னர்த் தேசியப் பேராசிரியர் என்னும் பதவியும் அவரை அடைந்தது. நோபல் பரிசு மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. எண்பது ஆண்டு நிறைவைக் கொண்டாடிய மறு திங்களில், 1974-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள், அவர் கல்கத்தாவில் உயிர் நீத்தார்.

அவர் மறைந்தும் அவர் கட்டுரை மறையவில்லை. போசான் என்னும் பெயரை டிராக் என்னும் ஆங்கில அறிஞர் இட்டார். போஸ் கண்ட எண்ணுமுறையை விரித்து, மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் வாயுவின் அணுக்கள் பல ஒரே நிலையில் ஒன்றித் தேங்கும் என்று 1925-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டீன் கூறியிருந்தார். எழுபது ஆண்டுகள் கழித்து, 1995-ஆம் ஆண்டில், அமெரிக்காவிற் போல்டர் நகரத்தில் ருபீடியம் அணுக்களைக் கொண்டு அந்நிலையைக் கண்கூடாகக் காட்டினர். அதனைச் செய்தோர்க்கு 2001-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

கற்பிப்போர்க்கு இதனினும் நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பெற்று, ஜெர்மானியத்தில் மட்டுமே எஞ்சிய அக்கட்டுரையை, போஸ் மறைந்து ஈராண்டு சென்ற பின்னர், 1976-ஆம் ஆண்டில், தைமர், ராம் என்னும் இருவர் மீண்டும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தனர். அது வெளிவந்தது அமெரிக்கப் பௌதிக ஆசிரியர் சங்கத்தின் சஞ்சிகையில். வகுப்பறையிற் பிறந்தது இரண்டு முறை மொழிமாறி வகுப்பறைக்கே மீண்டது. மாணாக்கன் அந்நான்கு பக்கங்களை ஒரு மாலைப் பொழுதிற் படித்துவிடலாம். படித்தால், பெரிய பாடப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக விரிப்பதைப் போஸ் எத்துணைச் சில வரிகளில் நிறுவினார் என்று வியப்பான்.

இவ்வரலாற்றினின்று நாம் அறியத்தகுவது யாது? மொழிபெயர்ப்பை ஆராய்ச்சிக்குத் தாழ்ந்த தொண்டு என்று எண்ணுதல் தவறு. போஸ் மொழிபெயர்ப்பால் மூலத்தைக் கற்றார். மூலத்தைக் கற்றமையால் அதன் குறையைக் கண்டார். கற்பிக்க வேண்டியிருந்தமையால் அக்குறையைப் பொறுத்திருக்க மாட்டாராயினார். பொறுக்க மாட்டாமையே புதிய உண்மைக்கு வித்தாயிற்று. நம் தமிழ் மாணாக்கர் இன்றும் பிளாங்கையும் ஐன்ஸ்டீனையும் போஸையும் சுருக்கக் குறிப்புகளிலேயே சந்திக்கின்றனர். தேர்விற்கு அதுவே போதும் என்பார் கூற்று உண்மையே. அறிவிற்கு அது போதாது. பௌதிகமும் தமிழும் ஒருங்கு விரும்பும் மாணாக்கர் இருவர் மூவர் ஒன்றுகூடி, போஸின் நான்கு பக்கங்களையேனும் வரிவரியாக ஆய்ந்து நல்ல தமிழில் எழுதுவாராக. சொல் கிடைக்காத இடத்தில் அயற்சொல்லை அப்படியே இடுக. பொருள் விளங்காத இடத்தில் மட்டும் மேற்செல்லாது நிற்க. அங்ஙனம் நின்று விளங்கிக் கொள்வோர்க்கு அந்நான்கு பக்கங்களே நல்லாசிரியராய் அமையும்.